கோரைப் பிரித்துக் கொடுத்தால் போதுமா? ஒரே சிப்பில் ஆர்டிஓஎஸ்ஸும் லினக்ஸும்

கேள்வியின் சுருக்கம்: நான்கு கோர் (செயலி அலகு) கொண்ட எக்ஸ்86 (இன்டெல் வகை) தொழிற்சாலைக் கணினி. ஒரு கோரில் ஆர்டிஓஎஸ் (நேரம் தவறாத நிகழ்நேர இயங்குதளம்) ஓடுகிறது. 500 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை மோட்டார்களுக்குக் கட்டளை அனுப்புகிறது. மீதி மூன்று கோரில் லினக்ஸ். அதில் திரையும் கேமராப் படச் செயலாக்கமும். ஒரே கணினியில் பல இயங்குதளங்களைப் பிரித்து ஓட்டும் ஹைப்பர்வைசர் மூலம் கோர்களைப் பங்கிட்டாகிவிட்டது. தாமதம் பெரும்பாலும் 5 மைக்ரோ நொடிக்குள் நிற்கிறது. ஆனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை 200, 300 என்று எகிறுகிறது. கோர் தனியாக இருக்கும்போது இது எப்படி? ஏஆர்எம் பலகைக்கு மாறினால் தீருமா?

பதில்:

நீங்கள் பிரித்திருப்பது கோரை மட்டும்தான். கடைசிநிலை கேஷ் (கோர்கள் பகிரும் வேகமான இடைநினைவகம்), மெமரி கன்ட்ரோலர், அதற்குப் போகும் பாதை, மின்சாரத்தையும் கடிகாரத்தையும் நிர்வகிக்கும் பகுதி, பயாஸ் ஃபர்ம்வேர் (பலகையிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) எல்லாம் இன்னும் பொதுவில்தான் கிடக்கின்றன. ஹைப்பர்வைசர் முகவரிகளைப் பிரிக்கும், சாதனங்களைப் பிரிக்கும். நேரத்தைப் பிரிக்கும் வேலையில் பாதிக்கு மேல் அதன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. அதனால் எந்த ஹைப்பர்வைசர் நல்லது என்ற கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி: ஹைப்பர்வைசரே இல்லாமல் இந்தப் பலகை எவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்கிறது?

அதை அளக்க எளிய வழி உண்டு. ஹைப்பர்வைசரை எடுத்துவிட்டு, வெறும் லினக்ஸில் ஹெச்டபிள்யூலாட்-டிடெக்ட் என்ற கருவியை ஓட்டுங்கள். அது இன்டரப்ட்களை (சாதனங்கள் கோரைக் குறுக்கிட்டு அழைக்கும் சிக்னல்களை) நிறுத்திவிட்டு, கடிகாரத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே இருக்கும். இரண்டு படிப்புகளுக்கு நடுவில் பெரிய இடைவெளி விழுந்தால், அந்த நேரத்தில் கோரை லினக்ஸ் கையில் வைத்திருக்கவில்லை. வன்பொருளோ ஃபர்ம்வேரோ பிடுங்கிக்கொண்டது. எக்ஸ்86-இல் இதற்கு முதல் சந்தேகப் புள்ளி எஸ்எம்ஐ எனப்படும் சிஸ்டம் மேனேஜ்மென்ட் இன்டரப்ட். அது வந்தால் கோர்கள் எல்லாமே பயாஸுக்குள் போய்விட்டுத் திரும்பும். ஆர்டிஓஎஸ்ஸாலும் தடுக்க முடியாது, சாதாரண ஹைப்பர்வைசராலும் தடுக்க முடியாது. இன்டெல் சிப்களில் எத்தனை எஸ்எம்ஐ வந்தது என்று எண்ணும் ரெஜிஸ்டர் ஒன்று இருக்கிறது. டர்போஸ்டாட் கருவி அதைத் தனிப் பத்தியாகவே காட்டும். ஒரு மணி நேரம் ஓடவிட்டு அந்த எண் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் முதலில் பயாஸில் பழைய வகை யூஎஸ்பி விசைப்பலகை ஆதரவை அணையுங்கள். பிறகு விசிறி, வெப்பக் கண்காணிப்பு, மெமரிப் பிழைப் பதிவு ஆகியவற்றை ஃபர்ம்வேர் எப்படிக் கையாள்கிறது என்று பலகை தயாரிப்பாளரிடம் கேளுங்கள். அவர்களால் நிறுத்த முடியாது என்றால் பலகையை மாற்றுவதுதான் வழி. மென்பொருளில் இதற்கு மருந்து கிடையாது. எஸ்எம்ஐ-யைக் குருட்டுத்தனமாக மொத்தமாக அணைப்பதும் ஆபத்து, வெப்பப் பாதுகாப்பு அதன் வழியாகவே நடக்கும் பலகைகள் உண்டு.

அடுத்தது தூக்க நிலைகள் (வேலை இல்லாதபோது மின்சாரத்தைச் சேமிக்கக் கோர் போகும் சி-நிலைகள்; எண் கூடினால் தூக்கம் ஆழம்). லினக்ஸின் இன்டெல்-ஐடில் டிரைவரில், ஸ்கைலேக் வகைக் கணினிச் சிப்களுக்கு சி6 நிலையிலிருந்து எழ 85 மைக்ரோ நொடி, சி8-க்கு 200, சி10-க்கு 890 என்று போட்டிருக்கிறது. நீங்கள் சொல்லும் 200-ஐ இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஹைப்பர்-த்ரெடிங் (ஒரு கோரை இரண்டாகக் காட்டுவது), டர்போ, ஸ்பீட்ஸ்டெப் (இவை இரண்டும் கோரின் வேகத்தை மாற்றுபவை) மூன்றையும் பயாஸிலேயே அணைத்து, சி-நிலையை சி1-உடன் நிறுத்துங்கள். ஹைப்பர்-த்ரெடிங்கை விட்டுவைத்துவிட்டு, "ஒரு கோர் கொடுத்தேன்" என்று நினைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. ஒரே கோரின் இரண்டு த்ரெட்களில் ஒன்று லினக்ஸுக்குப் போயிருந்தால் முதல்நிலை கேஷும் கணக்கிடும் அலகுகளும்கூடப் பங்குதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனமாக இருங்கள். தாமதம் அளக்க எல்லோரும் பயன்படுத்தும் சைக்ளிக்டெஸ்ட், ஓடத் தொடங்கியதுமே சிபியூ-டிஎம்ஏ-லேட்டன்சி கோப்பைத் திறந்து 0 என்று எழுதி, ஓடி முடியும்வரை பிடித்துக்கொண்டே இருக்கும். அதாவது, ஆழ்ந்த தூக்கம் வேண்டாம் என்று கர்னலிடம் சொல்லிவிடுகிறது. சோதனை அழகாக வரும். கருவியை நிறுத்திவிட்டு உண்மையான மென்பொருளை ஓட்டினால் தூக்க நிலைகள் திரும்ப வந்து நிற்கும். ஆகவே சோதனையில் 8, களத்தில் 200 என்று வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

வெறும் பலகை சுத்தம் என்று தெரிந்த பிறகு ஹைப்பர்வைசர். இந்த வேலைக்கு இரண்டு குணமுள்ளவை இருக்கின்றன. ஒன்று, பிரித்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பது. சீமென்ஸ் 2013-இல் வெளியிட்ட ஜெயில்ஹவுஸ் இதற்குச் சரியான உதாரணம். அதில் ஷெட்யூலரே (யார் எப்போது ஓடுவது என்று முடிவு செய்யும் பகுதியே) கிடையாது; ஒரு கோர் ஒரு செல்லுக்கு, அதாவது ஒரு தனிப்பிரிவுக்குப் போனால் அது அந்தச் செல்லுக்கு மட்டும்தான். லினக்ஸ் முதலில் பூட் ஆகும், பிறகு ஜெயில்ஹவுஸ் அதன் அடியில் நுழைந்து, கோரையும் மெமரியையும் பிடுங்கி ஆர்டிஓஎஸ்ஸுக்குக் கொடுக்கும். ஜென் ஹைப்பர்வைசரில் நல் ஷெட்யூலர் போட்டால் கிட்டத்தட்ட இதே நடத்தை கிடைக்கும். ஏக்ரனிலும் கோர்களை இப்படிப் பிரித்துக் கொடுக்கலாம். இன்னொன்று, ஒரே கோரில் பல விருந்தினர்களை (ஹைப்பர்வைசரின் மேல் ஓடும் இயங்குதளங்களை) நேரம் பிரித்து ஓட்டுவது. பைக்ஓஎஸ், கியூஎன்எக்ஸ் ஹைப்பர்வைசர் போன்றவை இதை முறையாகச் செய்யும். விமானத் துறையின் ஏரிங்க் 653 அட்டவணை முறை இதற்கென்றே உள்ளது. ஆனால் 500 மைக்ரோ நொடிச் சுழற்சிக்கு, கோர் கைவசம் இருக்கும்போது, நேரம் பிரிக்கும் வழிக்குப் போகாதீர்கள். விருந்தினர் மாறும் ஒவ்வொரு தடவையும் கேஷ் குளிர்ந்துவிடும். அதோடு, பகிர்ந்த தரவுக்கான பூட்டைக் கையில் வைத்திருக்கும் விசிபியூ (விருந்தினருக்குக் காட்டப்படும் மெய்நிகர் கோர்) பாதியில் நிறுத்தப்பட்டால், அதே விஎம்மின் (மெய்நிகர் கணினியின்) மற்ற விசிபியூக்கள் அந்தப் பூட்டுக்காகச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது வழி, லினக்ஸையே ஹோஸ்ட்டாக வைத்து, கேவிஎம்மில் (லினக்ஸுக்குள்ளேயே இருக்கும் ஹைப்பர்வைசரில்) ஆர்டிஓஎஸ்ஸை விருந்தினராக ஓட்டுவது. லினக்ஸை நிகழ்நேர வேலைக்கு ஏற்றதாக்கும் பிரீஎம்ப்ட்-ஆர்டி 2024-இல் லினக்ஸ் 6.12-இல் பிரதான கர்னலுக்குள் வந்துவிட்டதால் இது இப்போது எளிது. கருவிகள் பழக்கமானவை, பிழை தேடவும் வசதி. ஆனால் மொத்த லினக்ஸ் கர்னலும் உங்கள் நிகழ்நேரப் பாதையின் அடியில் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அதை ஆர்டிஓஎஸ் கோரிலிருந்து விரட்ட பூட் வரியில் சில சொற்கள் வேண்டும்: ஐசோல்சிபியூஸ் (ஷெட்யூலர் அங்கே வேலை வைக்காது), நோஹெர்ட்ஸ்-ஃபுல் (கர்னலின் காலமுறை டைமர் இன்டரப்டான டிக் நிற்கும்), ஆர்சியூ-நோசிபிஸ் (ஆர்சியூ எனப்படும் கர்னலின் துப்புரவு வேலைகள் வேறு கோருக்குப் போகும்), ஐஆர்கியூ-அஃபினிட்டி (இன்டரப்ட்கள் மற்ற கோர்களுக்கு மட்டும்). ஐசோல்சிபியூஸில் டொமைன், மேனேஜ்ட்-ஐஆர்கியூ என்ற இரண்டு கொடிகளையும் சேர்த்தே கொடுங்கள். இல்லாவிட்டால் என்விஎம்இ டிஸ்க் தன் வரிசைகளை ஒவ்வொரு கோருக்கும் ஒன்றாகப் பரப்பி, ஆர்டிஓஎஸ் கோரிலும் இன்டரப்ட் போடலாம். விருந்தினரின் மெமரியை 1 ஜிபி பெரும் பக்கங்களில் வைத்துப் பூட்டிவிடுங்கள். விருந்தினருக்காகச் சாதனங்களைப் போலிசெய்யும் கியூஎமுவின் எமுலேட்டர் த்ரெட்களை விசிபியூ இருக்கும் கோரிலிருந்து வெளியே தள்ளுங்கள்.

கேவிஎம்மில் எல்லோரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. விசிபியூ த்ரெட்டுக்கு ஃபிஃபோ (லினக்ஸின் நிகழ்நேர வகை) முன்னுரிமை கொடுத்திருப்பீர்கள். ஆர்டிஓஎஸ் ஓய்வு நேரத்தில் ஹால்ட் கட்டளை போடாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தால், ஹோஸ்ட்டின் கண்ணுக்கு அது 100 சதவீதம் ஓடும் நிகழ்நேர வேலை. லினக்ஸில் ஷெட்-ஆர்டி-ரன்டைம் மதிப்பு இயல்பாக 9,50,000, பீரியட் 10,00,000. இரண்டும் மைக்ரோ நொடியில். 6.12-க்கு முந்தைய கர்னல்களில் இதன் அர்த்தம் என்னவென்றால், ஒரு நொடியில் 0.95 நொடிக்கு மேல் நிகழ்நேர வேலைகள் கோரைப் பிடித்தால், மீதி 50 மில்லி நொடிக்குக் கர்னல் அவற்றை நிறுத்தி வைக்கும். 500 மைக்ரோ நொடிச் சுழற்சியில் இது தொடர்ந்து 100 சுழற்சி காணாமல் போவது. ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 50 மில்லி நொடி ஓட்டை விழுந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். அந்த மதிப்பை -1 ஆக்குங்கள். ஆக்கும்போது விசிபியூவின் முன்னுரிமையை 99-இல் வைக்காதீர்கள், 1 அல்லது 2 போதும். தனிக் கோரில் போட்டிக்கு வேறு யாரும் இல்லை; கர்னலின் சொந்த த்ரெட்கள் அந்தக் கோரில் எப்போதாவது ஓட வேண்டியிருந்தால் அவற்றுக்கு வழி விட்டாக வேண்டும், இல்லையென்றால் முழுக் கணினியும் உறைந்துபோகும்.

சாதனங்களைப் பற்றிச் சுருக்கமாக. ஆர்டிஓஎஸ்ஸின் நெட்வொர்க் கார்டை விடி-டி (சாதனத்தை விருந்தினரிடமே ஒப்படைக்கும் இன்டெல் வசதி) மூலம் நேரடியாகக் கொடுங்கள்; லினக்ஸ் நடத்தும் விர்ச்சுவல் சாதனம் எதுவும் கட்டுப்பாட்டுச் சுழற்சியின் பாதையில் இருக்கக் கூடாது. எம்எஸ்ஐ அல்லது எம்எஸ்ஐ-எக்ஸ் (இன்டரப்டைத் தனிக் கம்பி இல்லாமல் செய்தியாக அனுப்பும் முறை) ஆதரிக்கும் கார்டையே எடுங்கள். பழைய ஐஎன்டி-எக்ஸ் கம்பியை இரண்டு சாதனம் பகிர்ந்தால், ஒன்று லினக்ஸிலும் ஒன்று ஆர்டிஓஎஸ்ஸிலும் இருக்க முடியாது. கார்டு எந்த ஐஓஎம்எம்யூ குழுவில் (சேர்த்தே ஒப்படைக்க வேண்டிய சாதனங்களின் தொகுதியில்) இருக்கிறது என்பதை வாங்குவதற்கு முன்பே பாருங்கள். ஒரே குழுவில் டிஸ்க் கன்ட்ரோலரும் சேர்ந்திருந்தால் பிரிக்கவே முடியாத பலகைகள் இருக்கின்றன.

இனி கேஷும் மெமரியும். உங்கள் அமைப்பில் கேமரா இருப்பதால் இதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஆர்டிஓஎஸ்ஸின் சுழற்சி ஓடி முடிய 20 மைக்ரோ நொடிதான் ஆகிறது, மீதி 480 ஓய்வு என்று வைத்துக்கொள்வோம். அந்த ஓய்வு நேரத்தில் லினக்ஸ் பக்கம் கேமராப் படங்கள் கடைசிநிலை கேஷ் வழியாக வெள்ளமாய்ப் போகின்றன. ஆர்டிஓஎஸ்ஸின் குறியீடும் தரவும் வெளியே தள்ளப்படுகின்றன. கடைசிநிலை கேஷ் உள்ளடக்கும் வகையாக (மற்ற நிலைகளில் இருப்பதெல்லாம் இதிலும் இருந்தாக வேண்டிய வகையாக) இருந்தால், அங்கே தள்ளப்பட்ட வரி (கேஷின் 64 பைட் அலகு) அந்தக் கோரின் சொந்த முதல், இரண்டாம்நிலை கேஷ்களிலிருந்தும் நீக்கப்படும். சொந்தக் கேஷ் இருந்தும் பயன் இல்லை. அடுத்த சுழற்சி எழும்போது ஒவ்வொரு வரியையும் மெமரியிலிருந்து இழுக்க வேண்டும்; அதே நேரம் கேமராவும் கிராஃபிக்ஸும் அதே மெமரி கன்ட்ரோலரின் வாசலில் வரிசையில் நிற்கின்றன. 20 ஆக இருந்தது பல மடங்காக நீளுவது இப்படித்தான்.

இன்டெலில் இதற்குக் கேட் எனப்படும் கேஷ் ஒதுக்கீட்டு வசதி இருக்கிறது. எல்லாச் சிப்பிலும் கிடையாது. ஜியான்களில் கடைசிநிலைக்கு வரும், அப்பல்லோ லேக் போன்ற சில ஆட்டம்களில் இரண்டாம்நிலைக்கு வரும். ஹோஸ்ட் லினக்ஸாக இருந்தால் ரெஸ்கன்ட்ரோல் கோப்பு முறைமையில் ஒரு குழு உருவாக்கி, கேஷின் எந்தப் பங்கு அதற்கு என்று சொல்லும் முகமூடி எழுதினால் போதும். 12 வழி (12 பங்கு) கொண்ட கேஷில் ஆர்டிஓஎஸ்ஸுக்கு 111100000000, லினக்ஸுக்கு 000011111111 என்று ஒன்றன்மேல் ஒன்று படாமல் கொடுங்கள். இயல்பு நிலைக் குழுவின் முகமூடியைக் குறைக்க மறந்துவிடுவது வழக்கமான தவறு. அதைக் குறைக்காதவரை லினக்ஸ் 12 வழியிலும் எழுதிக்கொண்டுதான் இருக்கும். இன்னொரு நுணுக்கம்: முகமூடி, புதிய வரியை எங்கே வைக்கலாம் என்பதை மட்டும்தான் கட்டுப்படுத்துகிறது. முன்பே வேறு வழியில் உட்கார்ந்த வரி தானாக வெளியேறாது. எனவே முகமூடி போட்ட பிறகு ஆர்டிஓஎஸ்ஸைத் தொடங்குங்கள்.

ஏஆர்எம்மில் பரவலாகக் கிடைக்கும் வழி பக்க வண்ணமிடல்; அதாவது மெமரிப் பக்கங்களை, அவை கேஷில் விழும் இடத்தை வைத்து வண்ணங்களாகப் பிரித்துப் பங்கிடுவது. கணக்கு எளிது. ஜிங்க் அல்ட்ராஸ்கேல்+ சிப்பில் நான்கு ஏ53 கோர்கள் 1 எம்பி, 16 வழி இரண்டாம்நிலை கேஷைப் பகிர்கின்றன. ஒரு வழி 64 கேபி. பக்கம் 4 கேபி. 64-ஐ 4-ஆல் வகுத்தால் 16 வண்ணம். ஆர்டிஓஎஸ்ஸுக்கு 4 வண்ணம் ஒதுக்கினால் 256 கேபி கேஷ் அதற்கு மட்டும். பாவோ ஹைப்பர்வைசரில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. விலை இரண்டு இடத்தில் வரும். 16-இல் 4 வண்ணம் எடுத்தால் மெமரியிலும் நான்கில் ஒரு பங்கு மட்டுமே, அதுவும் துண்டு துண்டாக. அதோடு 2 எம்பி பெரும் பக்கங்களைப் பயன்படுத்த முடியாது, டிஎல்பி (முகவரி மாற்றத்துக்கான கேஷ்) தவறல்கள் கூடும். பெரும் பக்கமும் வண்ணமும் சேர்ந்து வராது என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள்.

கேஷைப் பிரித்தாலும் மெமரிப் பாதை பொதுவாகவே இருக்கும். இதற்கான மென்பொருள் உத்தி மெம்கார்ட் பாணி: ஒவ்வொரு லினக்ஸ் கோருக்கும், ஒரு மில்லி நொடிக்கு இத்தனை கேஷ் தவறல் என்று வரம்பு வைத்து, செயல்திறன் எண்ணி வழிந்ததும் அந்தக் கோரை அடுத்த மில்லி நொடி வரை நிறுத்துவது. கோர்களுக்கு இது வேலை செய்யும். ஆனால் கேமராவின் டிஎம்ஏ-வும் (கோரைத் தொடாமல் நேரே மெமரியில் எழுதுவது) உள்ளமைந்த கிராஃபிக்ஸும் எந்தக் கோரின் எண்ணியிலும் வருவதில்லை. அவற்றைக் கட்டுப்படுத்த படத்தின் அளவையோ நொடிக்கு எத்தனை படம் என்பதையோதான் குறைக்க வேண்டும், அல்லது சிப்பின் உள்பாதையில் சேவைத்தர வரம்பு ரெஜிஸ்டர்கள் இருந்தால் அவற்றைப் பயன்படுத்த வேண்டும். என் கணிப்பில், உங்கள் எகிறலுக்கு எஸ்எம்ஐ காரணம் இல்லையென்றால் கேமராதான் காரணம்.

லினக்ஸ் தன் கோரில் இருந்தபடியே பக்கத்துக் கோரைக் குத்தும் வழிகள் வேறு சிலவும் உண்டு. டபிள்யூபி-இன்வி-டி கட்டளை மொத்தக் கேஷையும் மெமரிக்கு எழுதிக் காலி செய்யும்; சில கிராஃபிக்ஸ் டிரைவர்கள் அதைப் பயன்படுத்துகின்றன, அது முடிய மில்லி நொடிக் கணக்கில் ஆகலாம். விருந்தினர் அந்தக் கட்டளையைப் போடும்போது பிடித்து நிறுத்தும் வசதி ஹைப்பர்வைசரில் இருக்கிறதா என்று பாருங்கள்; லினக்ஸே ஹோஸ்ட்டாக இருந்தால் பிடிக்க ஆள் இல்லை. அடுத்தது பிளவுப் பூட்டு: இடையில் பிரிக்க முடியாத (அட்டாமிக்) செயல்பாட்டின் தரவு இரண்டு 64 பைட் கேஷ் வரிகளில் பாதி பாதியாக விழுந்தால், சிப் முழு மெமரிப் பாதையையும் பூட்டிவிடும். லினக்ஸில் சாதாரணப் பயனரின் மோசமான நிரல் ஒன்று போதும், நிகழ்நேரக் கோரும் சேர்ந்து காத்திருக்கும். ஸ்பிளிட்-லாக்-டிடெக்ட் அமைப்பை ஃபேட்டல் என்று வைத்தால், ஆதரிக்கும் சிப்களில் அந்த நிரலுக்குச் சிக்னல் போய் அது நின்றுவிடும். இந்த இடத்தில் கண்டிப்பாக இருப்பதே சரி.

ஏஆர்எம்முக்கு மாறினால் எஸ்எம்ஐ தொல்லையும் பிளவுப் பூட்டும் போகும்; வேறு தொல்லைகள் வரும். மிகவும் குழப்புவது இது: ஆர்டிஓஎஸ் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், லினக்ஸ் பூட் ஆகி முடியும் நேரத்தில் ஆர்டிஓஎஸ்ஸின் சீரியல் போர்ட்டோ டைமரோ செத்துவிடும். காரணம், லினக்ஸ் பூட்டின் கடைசியில், தன் டிரைவர்கள் எதுவும் கேட்காத கடிகாரங்களை எல்லாம் வீண் என்று நினைத்து அணைக்கிறது. ஆர்டிஓஎஸ்ஸின் சாதனம் லினக்ஸின் டிவைஸ் ட்ரீயில் (வன்பொருள் பட்டியலில்) இல்லாததால் அதன் கடிகாரமும் வீண் கணக்கில் சேர்கிறது. சிஎல்கே-இக்னோர்-அன்யூஸ்டு என்று பூட் வரியில் போட்டுப் பார்த்தால் காரணம் உறுதியாகும். நிரந்தரத் தீர்வு, அந்தக் கடிகாரங்களை டிவைஸ் ட்ரீயில் காப்பாற்றப்பட்டவையாகக் குறிப்பது. மின் பகுதிகளுக்கும் இதே கதை. கோர்கள் ஒரே கிளஸ்டரில் இருந்தால் சிபியூ-ஃப்ரீக்வென்சி டிரைவரையும் நிறுத்துங்கள். லினக்ஸ் வேகத்தைக் குறைத்தால் ஆர்டிஓஎஸ்ஸின் கோரும் சேர்ந்து மெதுவாகும். இன்டரப்ட் பாதையும் கொஞ்சம் நீளம்: ஜிஐசி (ஏஆர்எம்மின் இன்டரப்ட் கன்ட்ரோலர்) பதிப்பு 2, 3 கொண்ட சிப்களில் வழக்கமாக இன்டரப்ட் முதலில் ஹைப்பர்வைசருக்குப் போய், அங்கிருந்து விருந்தினருக்குச் செலுத்தப்படுகிறது. அந்தச் சில மைக்ரோ நொடிகளை ஒவ்வொரு சுழற்சியின் கணக்கிலும் சேர்த்துவிடுங்கள்.

இரண்டு பக்கமும் பேசிக்கொள்வதற்குப் பகிர்ந்த மெமரியில் வளைய இடையகம் வையுங்கள், திசைக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் எழுதுபவர் ஒருவர், படிப்பவர் ஒருவர். தலை எண்ணும் வால் எண்ணும் தனித்தனி கேஷ் வரியில் இருக்கட்டும். தரவை எழுதிய பிறகு, தலையை நகர்த்துவதற்கு முன் மெமரித் தடுப்புக் கட்டளை வேண்டும். எக்ஸ்86-இல் அதை விட்டுவிட்டாலும் பெரும்பாலும் ஓடிவிடும், ஏஆர்எம்முக்கு மாற்றும் நாளில் பாதி எழுதிய செய்தி படிக்கப்படும். வளையம் நிரம்பினால் ஆர்டிஓஎஸ் காத்திருக்கக் கூடாது. செய்தியைக் கைவிட்டு எண்ணியை ஒன்று ஏற்றட்டும். லினக்ஸிலிருந்து வரும் ஒவ்வொரு சுட்டெண்ணையும் வரம்பு சரிபார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். அந்தப் பக்கம் குலைந்தால் இந்தப் பக்கமும் குலையும் என்றால் பிரித்ததற்கே பொருள் இல்லை.

ஜெயில்ஹவுஸ் எடுத்தால் இரண்டு செய்தி. மெமரியை ஒதுக்கி வைக்கும் மெம்மேப் வரியில் டாலர் குறி வரும். கிரப் (லினக்ஸை ஏற்றும் பூட் நிரல்) அமைப்புக் கோப்பில் அதன் முன் பின்சாய்கோடுகள் போடாவிட்டால் கிரப் அதை மாறியாக நினைத்து விழுங்கிவிடும், ஒதுக்கீடு நடக்காது. பூட் ஆனதும் ப்ராக் கோப்பகத்தின் சிஎம்டிலைனைப் படித்து உறுதி செய்யுங்கள். மற்றது, லினக்ஸ்தான் முதல் செல் என்பதால் அதை மறுதொடக்கம் செய்தால் எல்லாமே நின்றுவிடும். லினக்ஸ் விழுந்து எழும்போதும் மோட்டார்கள் ஓட வேண்டும் என்றால், ஏக்ரனின் முன்தொடக்க விஎம் அல்லது ஏஆர்எம்மில் ஜென்னின் டாம்0லெஸ் முறை போல ஹைப்பர்வைசரே ஆர்டிஓஎஸ்ஸைத் தொடங்கும் அமைப்பு வேண்டும்.

சோதனை செய்யும்போது சராசரியைப் பார்க்காதீர்கள். உச்சத்தையும் அது எப்போது வந்தது என்பதையும் பதியுங்கள். லினக்ஸ் பக்கம் ஸ்ட்ரெஸ்-என்ஜியில் மெமரி, கேஷ் சுமைகள், ஐபெர்ஃப் நெட்வொர்க் சுமை, டிஸ்க் எழுத்து, கேமரா, திரை அனைத்தையும் ஒன்றாக ஏற்றிக் குறைந்தது 24 மணி நேரம் ஓட்டுங்கள். ஆர்டிஓஎஸ் தன் சுழற்சியின் தொடக்கத்தில் டிஎஸ்சி-யையும் (கோரின் நேர எண்ணியையும்) எஸ்எம்ஐ எண்ணியையும் படித்து, 30 மைக்ரோ நொடி தாண்டினால் இரண்டையும் வளையத்தில் எழுதட்டும். எஸ்எம்ஐ எண்ணி அந்த நொடியில் ஏறியிருந்தால் பயாஸ். லினக்ஸ் சும்மா இருக்கும்போது மட்டும் எகிறினால் தூக்க நிலை. கேமரா தொடங்கியதும் எகிறினால் மெமரிப் பாதை. யாராவது லினக்ஸில் புதிய வரைகலை நிரல் திறக்கும் நொடியில் ஒரே ஒரு பெரிய குதிப்பு என்றால் கேஷ் காலி செய்யும் கட்டளை. கணினி சூடான பிறகு எல்லாச் சுழற்சியும் ஒரே மாதிரி நீண்டால், வெப்பத்துக்காக வேகம் குறைக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் மோசமான நிலை 30, 40 மைக்ரோ நொடியில் நின்றால் 500-க்கு அது தாராளம், அப்படியே விட்டுவிடலாம். சுழற்சி 50 மைக்ரோ நொடியாக இறங்கினாலோ, ஐஎஸ்ஓ 26262, ஐஇசி 61508 போன்ற பாதுகாப்புச் சான்று தேவைப்பட்டாலோ, அந்தச் சுழற்சியைப் பெரிய கோர்களிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். மேலே சொன்ன ஜிங்க் சிப்பிலேயே இரண்டு கார்டெக்ஸ்-ஆர்5 கோர்கள், அவற்றுக்கென்று கேஷ் வழியே போகாத உள்மெமரியோடு இருக்கின்றன. மோட்டார்ச் சுழற்சியின் குறியீடும் தரவும் அந்த உள்மெமரியில் அடங்கினால், லினக்ஸ் பக்கம் எத்தனை கேமரா ஓடினாலும் அதன் படிப்பு நேரம் மாறாது.